பாட்டு போடாத டி.ஜே.

தன் கல்யாண ரிசப்ஷனுக்கு டி.ஜே. பிடிக்கிற பொறுப்பை அண்ணன் ஜெரார்டின் தலையில் கட்டினான் மிட்ச். அதைக் கேட்டதும் அவர்களுடைய அம்மா ஷெரிலுக்கு, வாயில் போட்ட பொரித்த மீன் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் அந்த நேரத்துக்கு வீட்டில் அடுப்பு மூட்டுகிறவர்கள் நோயாளிகளாகத்தான் இருக்கவேண்டும். மற்றவர்கள் எல்லோரும் சப்பர் கிளப் என்கிற ஏதாவது ஒரு சாப்பாட்டு விடுதியில் பிராந்தியைக் கையில் வைத்துக்கொண்டு மீனுக்காகக் காத்திருப்பார்கள். ஷெரில் குடும்பமும் அப்படித்தான் மூலை மேசையில் உட்கார்ந்திருந்தது.

"ஏன்டா, உனக்குப் புத்தி கித்தி இருக்கா? டி.ஜே. புடிக்கணும்னா பத்து இடத்துக்குப் போன் பண்ணணும். பேரம் பேசணும். இவன் எப்படிடா..." என்று ஆரம்பித்தவள், பெரியவன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பது அப்போதுதான் உறைத்த மாதிரி, முட்டைக்கோஸ் சாலட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கிளற ஆரம்பித்தாள்.

"பண்ணுவான்," என்றான் மிட்ச். "மாப்பிள்ளைத் தோழன் அவன்தான். அன்னிக்கு மைக் புடிச்சு எங்களை வாழ்த்திப் பேசப்போறதும் அவன்தான். மைக்கைக் கையில குடுக்கற ஆளை அவன் பாத்து வெக்காம, நீயா பாத்து வெப்ப?"

"பேசறதா!" ஷெரில் நெஞ்சில் கைவைத்தாள். "மறுபடியுமா!"

ஜெரார்டுக்குத் திக்குவாய். சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்கிற ரகம் இல்லை. அடைத்துக்கொள்கிற ரகம். வார்த்தை தொண்டை வரைக்கும் ஜம்மென்று வரும். அங்கே வந்ததும் யாரோ கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்ட மாதிரி நின்றுவிடும். முகம் சிவக்கும், கழுத்து நரம்பு புடைக்கும், சத்தம் மட்டும் வராது. சொந்தப் பெயரைச் சொல்வதுதான் அவனுக்கு இருக்கிற கஷ்டத்திலேயே பெரிய கஷ்டம். அதற்கு அடுத்தபடி, 'க'வில் தொடங்கும் எதுவும். தம்பிக்கு வாய்த்த பெண்ணின் பெயர் கெண்ட்ரா. விதி எப்படி விளையாடுகிறது பாருங்கள்.

உருளைக்கிழங்குக் கிடங்கில் தரம் பிரிக்கிற இயந்திரத்தை ஓட்டுகிற வேலை அவனுக்கு. அந்த இரைச்சலில் யாரும் பேசுவதில்லை. எல்லாம் கை ஜாடைதான். அதனாலேயே அந்த வேலையை விரும்பிச் செய்தான்.

அம்மா சொன்ன அந்த 'மறுபடியும்' எது என்று சொல்லவேண்டும். அவர்களுடைய கஸின் லான்ஸின் கல்யாணத்தில் ஜெரார்ட்தான் மாப்பிள்ளைத் தோழன். மைக்கைப் பிடித்து எழுந்தான். முதல் வார்த்தையிலேயே அடைத்துக்கொண்டது. கூட்டம் நெளிந்தது. யாரோ இருமினார்கள். அப்போது அம்மாவின் தம்பி நார்ப் மாமா, பாவம் பையன் மாட்டிக்கொண்டானே, காப்பாற்றுவோம் என்று நினைத்து, ஸ்பூனை எடுத்துக் கண்ணாடி கிளாஸில் டிங் டிங் என்று தட்டினார். அந்த ஊர்ப்பக்கக் கல்யாணங்களில் ஒருவர் தட்டினால் போதும், மண்டபமே தட்டும். தட்டினால் பெண்ணும் மாப்பிள்ளையும் எழுந்து நின்று முத்தம் கொடுத்தே தீரவேண்டும். கொடுத்தார்கள். ஒரே கூச்சல், கைதட்டல். டி.ஜே. அதுதான் சாக்கு என்று பாட்டைத் தட்டிவிட்டான். சாப்பாட்டுக்குக் கோழி வந்தது. ஜெரார்ட் மைக்கை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தான். அவன் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பதையே பாதிப் பேர் கவனிக்கவில்லை.

மறுநாள் நார்ப் மாமா அவன் முதுகில் தட்டிச் சொன்னார்: "சுருக்கமா நச்சுனு பேசினடா!"

இதைக் காட்டிலும் அறைந்திருக்கலாம் அந்த மனுஷன்.

ஆனால் மிட்ச் பிடித்த பிடியை விடவில்லை. அவன் சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். ஆறு வயசுப் பையனாக இருக்கும்போது ஒருநாள் ஐஸ்கிரீம் கடை ஜன்னலில் அண்ணன் தம்பி இரண்டு பேரும் நின்றார்கள். ஜெரார்ட் 'கேரமல்' என்று கேட்க நினைத்து அடைத்துக்கொண்டு நிற்கிறான். பின்னால் வரிசையில் ஆட்கள் உச்சுக் கொட்டுகிறார்கள். கடைக்காரப் பெண் "வெனிலாவா? சாக்லேட்டா?" என்று அடுக்குகிறாள். இந்தப் பொடியன் திரும்பி, இடுப்பில் கைவைத்து, "அவன் இன்னும் முடிக்கல!" என்று ஒரு அதட்டல் போட்டான். வரிசை கப்சிப். கேரமல்தான் வந்தது. அந்த நாளை ஜெரார்ட் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் ஒருநாளும் மறந்ததில்லை. தம்பி கல்யாணத்தில் எழுந்து நின்று அதைச் சொல்லிவிட வேண்டும் என்பது அவனுக்குள்ளே கிடந்த ஒரே ஆசை.

சனிக்கிழமை காலையில் காரில் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போனைப் போட்டான்.

முதல் ஆள் எடுத்தான். "ஹலோ, யாரு?" ஜெரார்ட் தன் பெயரைச் சொல்லப் போய் மாட்டிக்கொண்டான். "ஹலோ? ஹலோ? சிக்னல் இல்லபோல. அட, ஏதோ சின்னப் பசங்க விளையாடறாங்க." வைத்துவிட்டான்.

இரண்டாவது ஆள் வைக்கவில்லை. பதிலாக உதவி செய்தான். "ஜெ... ஜெஃப்ரியா? ஜெரால்டா? ஜெரெமி? ஆங், ஜெரால்டு! சூப்பர். எப்போ கல்யாணம்? ஜூனா? ஜூலையா? செப்டம்பர்! பிரமாதம்!" ஜெரார்ட் வாயைத் திறக்கவேண்டிய அவசியமே இல்லாமல் உரையாடல் நடந்து முடிந்தது. செல்ஃபோனைக் காதில் வைத்தபடியே ஜெரால்டு ஆகிவிட்டான் அவன். இருந்தாலும் நேரில் போய்ப் பார்த்தான். ஆள் நல்லவன்தான், வெள்ளைப் பல்லும் வாசனையுமாக இருந்தான். புகை வருகிற பெட்டி, தரையில் பெயர் எழுதுகிற விளக்கு, எல்லாவற்றையும் போட்டுக் காட்டினான். கடைசியில் மேசையில் தட்டிச் சொன்னான்: "ஒண்ணு மட்டும் எழுதியே தரேன். என் பார்ட்டியில ஒரு செகண்டுகூட அமைதிங்கிற பேச்சே கிடையாது!"

ஆளை விட்டால் போதும் என்று ஜெரார்ட் ஓடிவந்தான்.

மூன்றாவது எண், கிடங்கில் கூட வேலை செய்கிற ஒருத்தன் எழுதிக்கொடுத்தது; அதற்குத் திங்கட்கிழமை வேலை விட்டதும் காரிலிருந்து போட்டான். அந்த டி.ஜே. ஒரு பெண், பெயர் ரோண்டா.

"ரோண்டா," என்று கரகரத்த குரல் கேட்டது.

ஜெரார்ட் அடைத்துக்கொண்டான். அந்தப் பக்கத்திலிருந்து வரப்போகிற 'ஹலோ ஹலோ'வுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். வரவில்லை. ஒரு பெரிய எஞ்சின் உறுமுவது கேட்டது. ஒரு கதவு புஸ்ஸென்று மூடியது. அவள் எதையோ மென்று தின்கிற சத்தமும் கேட்டது. ஆள் லைனில்தான் இருக்கிறாள். அவசரமே இல்லாமல் இருக்கிறாள்.

"ஜெரார்ட்," என்று ஒருவழியாக வந்து விழுந்தது.

"சொல்லு ஜெரார்ட்," என்றாள். இடையில் எதுவுமே நடக்காத மாதிரி.

அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்கு அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வளர்ந்த ஆம்பிளை, உருளைக்கிழங்கு மண் ஒட்டின பூட்ஸ் காலோடு, காருக்குள் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினான்.

கெண்ட்ராவின் ஊரில்தான் கல்யாணம். அந்த ஊர் மண்டபத்தை நேரில் பார்க்காமல் பேசமாட்டேன் என்றாள் ரோண்டா. அங்கேயே சந்தித்தார்கள். ஐம்பதைத் தாண்டியவள், கதவை அடைத்து நிற்கிற உடம்பு, தலையில் பச்சை மஞ்சள் தொப்பி. வார நாட்களில் அந்த ஊரில் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறாள், சனிக்கிழமையானால் பாட்டுப் போடுகிறாள். அடக்கம் ஒடுக்கம் என்பதெல்லாம் அவள் பக்கத்தில் வராது.

"இந்தச் சுத்துவட்டாரத்துல என்னை மாதிரி எவனும் கிடையாது. அதை முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் நீயா கண்டுபுடிச்சு ஆச்சரியப்படாதே," என்றாள். மண்டபத்தின் நடுவில் போய் நின்று கையைத் தட்டினாள், எதிரொலியைக் கேட்டாள், நகர்ந்து போய் மறுபடி தட்டினாள். "வயசானவங்களை ஸ்பீக்கர் பக்கத்துல உக்கார வெச்சீங்கன்னா நான் வரமாட்டேன். பார் அந்த மூலைதானே? நல்லது. ஆடறவங்களுக்கும் பாருக்கும் நடுவுல மேசை போடாதே, தடுக்கி விழுவானுங்க. சரி, உங்க வீட்டுல ஆர்வக்கோளாறு யாரு?"

பாட்டைப் பற்றி அவள் இன்னும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பதை ஜெரார்ட் கவனித்தான்.

"நா... நார்ப் மாமா."

"எல்லா வீட்டுலயும் ஒரு நார்ப் மாமா உண்டு. என்ன பண்ணுவாரு?"

லான்ஸ் கல்யாணக் கதையை ஜெரார்ட் சொன்னான். நிறுத்தி நிறுத்தி, திணறித் திணறி, வெகுநேரம் ஆயிற்று. ரோண்டா ஸ்பீக்கர் கம்பியைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள். ஒரு இடத்திலும் அவனுக்கு வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை. பரிதாபமாகத் தலையை ஆட்டவும் இல்லை. முடித்ததும் அவன், வந்த காரியத்தைக் கேட்டான்.

"நான் பேசும்போது மாட்டிக்கிட்டா, டையைத் தொடுவேன். உடனே நீங்க பாட்டுப் போட்டுடுங்க. ஏதாவது ஒரு பாட்டு."

"மாட்டேன்," என்றாள் ரோண்டா.

"எ... என்ன?"

"போடமாட்டேன்னு சொன்னேன். இதோ பாரு தம்பி, பாட்டுப் போடறது எனக்கு ஒரு விரல் வேலை. குரங்குக்குச் சொல்லிக் குடுத்தா அதுவும் போடும். போடாம இருக்கறதுக்குத்தான் நீ எனக்குக் காசு குடுக்கறே. நீ மைக் புடிச்சா அது உன் நேரம். நீ முடிச்சேன்னு சொல்ற வரைக்கும் என் கை பெட்டிமேல படாது."

ஜெரார்டுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. காசு கொடுக்கிறவன் ஒரு உதவி கேட்கிறான், இவள் என்னவோ மகாராணி மாதிரி! "யோசிச்சு சொல்றேன்," என்று அடைக்காமல் சொல்லிவிட்டு வெளியே வந்தான். கோபம் வந்தால் அவனுக்கு அடைப்பதில்லை என்பது வேறு கதை.

வீட்டில் ஷெரில் குதித்தாள். "நல்லா இருக்கே! ஆபத்துக்கு உதவமாட்டேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றவளை எவனாவது வேலைக்கு வெப்பானா? அந்தப் பல்லழகனையே வெச்சுக்க. ஒரு செகண்டுகூட அமைதியே இருக்காதுன்னு சொல்றானே, அதுதான் உனக்கு நல்லது!" பெற்ற வயிறு பேசுகிறது, அதற்குமேல் அதைக் குற்றம் சொல்ல முடியாது. மகன் இன்னொரு முறை தலையைத் தொங்கப்போட்டு உட்காருவதைப் பார்க்க அவளால் ஆகாது.

ஜெரார்டும் கிட்டத்தட்ட பல்லழகனுக்குச் சரி சொல்லிவிட இருந்தான். ஆனால் அடுத்த சனிக்கிழமை ரோண்டா பக்கத்து ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் பாட்டுப் போடுகிறாள் என்று தெரியவந்தது. அந்த மண்டபங்களில் எல்லாம் முன்பக்கம் பொது பார்தான், யார் வேண்டுமானாலும் ஒரு பியரை வாங்கிக்கொண்டு கதவோரம் நிற்கலாம். நின்றான்.

சும்மா சொல்லக்கூடாது, அவள் வேலை செய்ததைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். ஜோடி ஜோடியாக மண்டபத்தைச் சுற்றி வருகிற கிராண்ட் மார்ச்சை ஒரு அதட்டலில் ஆரம்பித்து வைத்தாள். முட்டி வலிக்கிற கிழங்களுக்கு எந்த வேகத்தில் போல்கா நடனப் பாட்டு வேண்டும், போனைக் கட்டிக்கொண்டு மூலையில் கிடக்கிற விடலைகளை எந்தப் பாட்டு இழுத்துவரும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆட்டம் ஓய்கிற மாதிரி இருக்கும், ஓயாது. குடித்துவிட்டு மைக்குக்குக் கை நீட்டினவனிடம் என்னவோ காதில் சொன்னாள், அவன் வெட்கப்பட்டுக்கொண்டு போய்த் தன் அம்மாவை ஆடக் கூப்பிட்டான். அவளே அந்தப் பெட்டிக்குப் பின்னால் நின்று, அந்த உடம்பை வைத்துக்கொண்டு, ஒரு இறகு மாதிரி ஆடினாள். மண்டபம் முழுக்க ஒரே பஸ், அவள்தான் ஸ்டியரிங்.

ஆனால் ஜெரார்டை அசைத்தது அதெல்லாம் இல்லை. பெண்ணும் அப்பாவும் ஆடுகிற ஆட்டம் வந்தது. பாட்டு முடிந்தது. அப்பா பெண்ணை விடவில்லை. இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். முதுகு குலுங்கியது. வேறு எவனாக இருந்தாலும் அடுத்த பாட்டைத் தூக்கிப் போட்டிருப்பான். ரோண்டா கையைப் பெட்டியிலிருந்து எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். மண்டபமே நின்றது. சமையற்கட்டில் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. ஒருத்தரும் அசையவில்லை. மனுஷன் அழவேண்டியதை அழுது முடித்து, மூக்கைத் துடைத்து, "சரி, போ" என்று பெண்ணின் கன்னத்தில் தட்டினார். அந்தத் தட்டு விழுந்த அதே மூச்சில் போல்கா பிய்த்துக்கொண்டு கிளம்பியது.

ஜெரார்டுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த அமைதியை அவள் ஒரு பாட்டு மாதிரியே போட்டாள் என்று தோன்றியது. நேரே அவளிடம் போனான்.

"நீங்கதான்."

"தெரியும்," என்றாள் ரோண்டா. "சமையற்கட்டுல கோழி இருக்கு. என் பேரைச் சொல்லி ஒரு தட்டு வாங்கிக்க."

செப்டம்பர் வந்தது. சர்ச்சில் தாலியில்லாத கல்யாணம் மோதிரத்தோடு நல்லபடியாக முடிந்து, எல்லோரும் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ரோண்டா கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தாள், தொப்பியை மட்டும் கழற்றவில்லை. அவள் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டூல், அதன்மேல் மாட்டுக் கழுத்தில் கட்டுகிற ஒரு பெரிய மணி.

"எல்லாரும் கேட்டுக்கங்க!" என்றாள் மைக்கில். "இன்னிக்கு இந்த மண்டபத்துல கிளாஸைத் தட்டினா முத்தம் கிடையாது. முத்தம் வேணுங்கறவங்க இங்க வந்து, அவங்கவங்க வீட்டுக்காரிக்கு முதல்ல ஒண்ணு குடுத்துட்டு, அப்புறம் இந்த மணியை ஆட்டணும். மணி அடிச்சாத்தான் பொண்ணு மாப்பிள்ளை எழுந்திருப்பாங்க. புரிஞ்சுதா?"

நார்ப் மாமாவுக்குக் கேட்கவா வேண்டும்! சூப் வருவதற்குள்ளேயே மனைவி ஜாய்ஸை இழுத்துக்கொண்டு ஓடி வந்தார். மணி டாண் டாண் என்று அடித்தது. மிட்சும் கெண்ட்ராவும் எழுந்தார்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தார். "வருஷக்கணக்கா பாக்கி வெச்சதை எல்லாம் இன்னிக்கே தீர்த்துடுவாரு போல," என்று ஜாய்ஸ் அத்தை லிப்ஸ்டிக்கைச் சரிசெய்துகொண்டே சொன்னதற்கு மண்டபமே சிரித்தது.

பிறகு ரோண்டா மைக்கைக் கொண்டுவந்து ஜெரார்டின் கையில் கொடுத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. தைரியமாக இரு, பயப்படாதே, அந்த மாதிரி எதுவும் இல்லை. திரும்பிப் போய்த் தன் இடத்தில் நின்றாள். போகிற போக்கில் மேசையிலிருந்து ஒரு துணி நாப்கினை எடுத்துப்போனதை யாரும் கவனிக்கவில்லை.

ஜெரார்ட் எழுந்தான். மூன்றாவது மேசையில் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"நான் ஜெரார்ட். மாப்பிள்ளையோட அண்ணன்."

அவனாலேயே நம்ப முடியவில்லை. பெயர் வந்துவிட்டது! அடுத்தது 'கெண்ட்ரா.' அவளைப் பார்த்துத்தான் பேச்சைத் தொடங்கவேண்டும் என்று கிடங்கில் இயந்திர இரைச்சலுக்குள்ளே எத்தனை தடவை சொல்லிப் பார்த்திருக்கிறான். 'தங்கச்சி' என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். வார்த்தையை மாற்றிப் போட்டுத் தப்பிக்கிற வித்தையெல்லாம் அவனுக்குத் தெரியாததா? ஆனால் பெயரைச் சொல்லாமல் வாழ்த்துவது என்ன வாழ்த்து என்று பிடிவாதமாக இருந்தான்.

அடைத்துக்கொண்டது.

தாழ்ப்பாள் விழுந்துவிட்டது. ஜெரார்டின் கழுத்து சிவந்தது, காது சிவந்தது. மண்டபத்தில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. யாரோ இருமினார்கள். அதே இருமல். அவன் கை தானாகப் போய் டையைத் தொட்டது.

ரோண்டா பார்த்தாள். கையை இடுப்பில் வைத்தாள். அவள் கண்ணில் இரக்கமும் இல்லை, அவசரமும் இல்லை. பஸ் நிறுத்தத்தில் பிள்ளை ஏறுகிற வரைக்கும் நிற்கிறவள் மாதிரி நின்றாள்.

நார்ப் மாமா எழுந்துவிட்டார். பாவம் பையன். அவருக்குத் தெரிந்த உதவி அது ஒன்றுதானே! விறுவிறுவென்று வந்தார், ஜாய்ஸைக்கூடக் கூப்பிடாமல் வந்தார், மணியைத் தூக்கினார், பலமாக ஆட்டினார்.

தொப். தொப்.

மறுபடி ஆட்டினார். தொப். மணியைத் திருப்பி உள்ளே பார்த்தார். நாப்கின் கச்சிதமாக அடைத்து வைக்கப்பட்டிருந்தது. ரோண்டாவைப் பார்த்தார். அவள் இவரைப் பார்க்கவே இல்லை. அந்தப் பக்கம் பெண்வீட்டு மேசையில் ஒரு இளைஞன் ஸ்பூனால் கிளாஸைத் தொட்டிருந்தான். அவன்மேல்தான் அவள் பார்வை இருந்தது. பஸ் கண்ணாடியில் பின்சீட்டுப் பையனைப் பார்க்கிற பார்வை. பெண்வீட்டாரில் பாதிப் பேர் சின்ன வயசில் அவள் பஸ்ஸில் போனவர்கள். ஸ்பூன் சத்தமில்லாமல் மேசைக்கு இறங்கியது.

நார்ப் மாமா மணியோடு நடுவில் மாட்டிக்கொண்டார். போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அசட்டுச் சிரிப்போடு, "என்னப்பா, முடிஞ்சுதா? முத்தம் குடுக்கலாமில்ல?" என்றார் பொதுவாக.

"இருங்க மாமா," என்றாள் கெண்ட்ரா. சத்தமாகக்கூட இல்லை. "அவரு இன்னும் முடிக்கல."

ஜெரார்ட் அவளைப் பார்த்தான். தம்பியைப் பார்த்தான். மிட்சின் வாய் திறந்தபடி இருந்தது. 'நான் சொல்லவே இல்லை' என்று தலையை ஆட்டினான். அவன் கண் கலங்கியிருந்தது. இந்தப் பெண்ணுக்கு அந்த ஐஸ்கிரீம் கடை தெரியாது. யாரும் சொல்லிக்கொடுக்காமல், தானாக, அதே வார்த்தையைச் சொல்கிறாள்!

ஜெரார்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடிவயிற்றிலிருந்து வந்த சிரிப்பு. அது தாழ்ப்பாளை இடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது.

"கெண்ட்ரா!" என்றான். "நான் எத்தனையோ நாளா தயார் பண்ணிட்டு வந்ததை நீ ஒரே வரியில சொல்லிட்டியே!"

பிறகு சொன்னான். ஐஸ்கிரீம் கடையைச் சொன்னான். ஆறு வயசுப் பொடியன் இடுப்பில் கைவைத்து நின்றதைச் சொன்னான். கேரமலில் அடைத்துக்கொண்டான், மண்டபம் காத்திருந்தது. கல்யாணம் என்ற சொல்லில் அடைத்துக்கொண்டான், காத்திருந்தது. முதலில் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கூட்டம், போகப்போக, அடுத்த வார்த்தை என்ன என்று முன்னால் சாய்ந்து உட்கார்ந்தது. ஷெரில் கண்ணைத் திறந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

"ஒருத்தரை முடிக்க விடறதுதான் அன்புன்னு எனக்குச் சொல்லிக் குடுத்தவன் என் தம்பி," என்றான் கடைசியாக. "அவனுக்கும் அப்படி ஒருத்தி கிடைச்சுட்டா. எனக்கு வேற என்ன வேணும்? கிளாஸைத் தூக்குங்க." தூக்கினார்கள். அவன் ரோண்டாவைப் பார்த்து, "முடிச்சுட்டேன்," என்றான்.

அப்போதுதான் ரோண்டா நகர்ந்தாள். நார்ப் மாமாவின் கையிலிருந்த மணிக்குள் இரண்டு விரலைவிட்டு நாப்கினை உருவினாள். அதிலேயே தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ம், இப்போ ஆட்டுங்க," என்றாள். மனுஷன் இத்தனை நேரம் அடக்கி வைத்ததை எல்லாம் சேர்த்து ஆட்டினார் பாருங்கள், தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.

கோழி வந்தது, உருளைக்கிழங்கு மசியல் வந்தது. நார்ப் மாமா தட்டோடு ஜெரார்டிடம் வந்து, பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"என்னடா நீ, விட்டா விடிய விடியப் பேசுவ போலிருக்கு! எனக்குப் பசி உயிர் போகுது. உன் கையில மைக்கைக் குடுத்தது பெரிய தப்புடா!"

பிறந்ததிலிருந்து அவனை ஒருத்தரும் அதிகம் பேசுகிறாய் என்று சொன்னதில்லை. ஜெரார்ட் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மாமா பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தான்.

"இ... இன்னொரு தடவை சொல்லுங்க மாமா," என்றான்.